ஏழாம் கேள்விக்கு நீ எழுத வேண்டிய பதில்

முகிலா,

உன் கைப்பேசியில் ஒரு காப்புறுதிப் படிவம் காத்திருக்கிறது. சனிக்கிழமைக்குள் விரலால் கையெழுத்திட்டு அனுப்பிவிடும்படி உன் சேகர் மாமா சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதத்தை முழுவதும் படித்து முடிக்கும்வரை அதைத் திறக்காதே. நேரில் வந்து சொல்லியிருக்கலாம்; நீ மருந்து தெளிக்கும் தஞ்சோங் காராங் வயல்கள் நம் வீட்டிலிருந்து அப்படியொன்றும் தொலைவில் இல்லை. ஆனால் நேரில் பேசும்போது நான் எப்படிப்பட்டவன் என்பது எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்ததும் பாதியை விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுத் திரும்பிவிடுவேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைத்தான் செய்துவந்திருக்கிறேன். எழுதும்போது அப்படி விழுங்க இடமில்லை. இது உனக்கு மட்டும் உரிய செய்தியும் அல்ல. நீ படித்த மறுநாள் இதே கடிதத்தை நம் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். ஏன் என்பது படித்துக்கொண்டு வரும்போது விளங்கும்.

ரவாங் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, நண்பனோடு சேர்ந்து நீ மருந்து தெளிக்கும் டிரோன் வாங்கியபோது உன் அம்மா அழுதாள். நான் அழவுமில்லை, எதிர்க்கவுமில்லை. இன்று வயல்காரர்கள் உன்னைப் பெயர் சொல்லித் தேடி அழைக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் இரண்டு மாதங்களுக்கு முன் சிகிஞ்சானில் நீ வேலை செய்வதை, உன் அம்மா ஓட்டிவந்த காரில் அமர்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வரப்பில் நின்று முகத்தை வானத்துக்குக் கொடுத்து, நஞ்சு நிரம்பிய தொட்டியோடு பறக்கும் அந்த இயந்திரத்தை மின்கம்பிக்கும் தென்னைக்கும் இடையில் திருப்பினாய். அப்போது உன் நண்பன் இடப்பக்கத்திலிருந்து கையை ஆட்டினான். நீ பார்க்கவில்லை. மறுபடியும் ஆட்டினான். பார்க்கவில்லை. அவன் கத்திய பிறகுதான் திரும்பினாய். வேலையில் மூழ்கியிருந்திருக்கலாம். வெயில் கண்ணில் அடித்திருக்கலாம். ஆயினும் பாதி வழியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். என்ன ஆயிற்று என்று உன் அம்மா கேட்டாள். பசி என்றேன்.

போன ஞாயிறு மதியம் பாசிர் பெனம்பாங் உணவகத்தில் நடந்ததை நினைத்துப்பார். தை மாதத்தில் உனக்கும் தர்ஷினிக்கும் திருமணம் என்று நாள் குறித்த மகிழ்ச்சியில் இரண்டு குடும்பமும் ஒரே மேசையில் இருந்தோம். நண்டு ஓடுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சேகர் மாமா தன் டேப்லெட்டை எடுத்து வைத்தார். இருபது ஆண்டுகளாகக் காப்புறுதி முகவராக இருக்கும் அவருக்கு, அக்காள் மகன் சொந்தத் தொழிலுக்குப் போனபிறகும், மருத்துவமனைச் செலவை ஏற்கும் மருத்துவ அட்டை எடுக்காமல் இருப்பது மானக்கேடு.

"மருமகனே, நான் கேக்குறேன், நீ தலைய ஆட்டுனா போதும். நெஞ்சு வலி, நெஞ்சடைப்பு?"

"லவ் ஃபெயிலியர் ஒண்ணுதான் மாமா. அதுவும் ஸ்கூல்ல, ஃபார்ம் த்ரீல."

"அதுக்கு எந்தக் கம்பெனியும் கவர் குடுக்காதுலா!"

தர்ஷினி உன் தோளில் அடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமா, "இல்ல... இல்ல... இல்ல..." என்று சொல்லிக்கொண்டே விரலால் தட்டிக்கொண்டு போனார். ஏழாம் கேள்வி வந்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நீரிழிவு, இருதய நோய், கண் நோய், பரம்பரை நோய் ஏதேனும் உண்டா என்பது அந்தக் கேள்வி. அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நம்ம அத்தானுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்காரு" என்று அதையும் தட்டினார்.

தர்ஷினியின் அப்பா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் நாங்க விசாரிச்சிட்டோம்லா. சீக்கு கீக்கு ஒண்ணும் இல்லாத குடும்பம்னு தெரிஞ்சுதானே பொண்ணு குடுக்குறோம்" என்றார். மறுபடியும் சிரிப்பு. நீ என் பக்கம் திரும்பி, "அப்பா, ஓகேவா?" என்று கேட்டாய். நான் நண்டுக் காலை உடைத்துக்கொண்டே "ம்" என்றேன்.

அந்த "ம்" பொய். அதைத் திரும்பப் பெறவே எழுதுகிறேன்.

எனக்குக் கண் அழுத்த நோய் இருக்கிறது. மருத்துவர்கள் கிளாக்கோமா என்பார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைத் தின்னும்; பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும். வலிக்காது, சிவக்காது. நேரே இருப்பது கடைசிவரை தெளிவாகத் தெரிவதால், எதையோ இழந்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே வராது. போன பார்வை எந்த மருந்தாலும் திரும்பாது. மிச்சமிருப்பதைத்தான் காக்க முடியும். எனக்கு இது தெரியவந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன், அசாம் ஜாவாவில். பட்டப்பகலில் உன் அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு காரோட்டிப் போனேன். இடப்பக்கக் கிராமத்துச் சாலையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் ஏறிவந்தது. பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. உன் அம்மா அலறினாள். நான் பிரேக்கை மிதித்தபோதும் எனக்கு அந்த வண்டி தெரியவில்லை. அவள் அலறியதால் மிதித்தேன், அவ்வளவே. அது எங்கள் முன்னால் குறுக்கே போனபிறகுதான், ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென முளைத்ததுபோல் கண்ணில் பட்டது. அந்தக் குழந்தை எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனது.

மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போனேன். இடக்கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார். அன்றுமுதல் சொட்டு மருந்து விடுகிறேன். நான் வேலை செய்யும் பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில், எண்ணெய் மாதிரிகளுக்குப் பின்னால் அந்தக் குப்பியை ஒளித்து வைத்திருக்கிறேன். முழங்கால் வலி என்று சொல்லிக் கார்ச் சாவியை உன் அம்மாவிடம் கொடுத்தேன். நேற்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப ரெண்டு வருசமா முழங்காலுக்கு நான் தேச்ச தைலம்?" அவள் எழுந்துபோய் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம், அதனால்தான். காரணம் அவ்வளவு கேவலமானது. அது எனக்குப் புதிதாகத் தோன்றியதும் அல்ல. அதை நான் ஏற்கனவே ஒருமுறை, இதைவிட நேர்த்தியாகச் செய்திருக்கிறேன்.

உன் தாத்தாவுக்குச் சர்க்கரையால் பார்வை போனது என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். அவருக்குச் சர்க்கரை இருந்ததே இல்லை. நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது, விடுமுறையில் அவரைக் கிள்ளானுக்கு அழைத்துப்போனேன். உன் அத்தை, என் அக்கா கமலாவும் துணைக்கு வந்தாள். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவனே. ஆகவே மருத்துவர் என்னிடம் பேசினார், நான் அவர்களிடம் தமிழில் சொன்னேன். பார்வை திரும்பாது என்றார், சொன்னேன். மருந்தை நிறுத்தக் கூடாது என்றார், சொன்னேன். பிறகு அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டுக்கொண்டு, இது குடும்பத்தில் இறங்கும் நோய், இவருடைய பிள்ளைகள் அனைவரும் ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும்தான் என்று நிதானமாக விளக்கினார். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டாக்டரு வேற என்னமோ சொல்றாரே தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. மருந்த நேரத்துக்கு விடணுமாம்."

எல்லாம் சர்க்கரையால் வந்தது என்றும் நானே சொல்லிவைத்தேன். அடுத்த வாரம் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. திருமணம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திருமணம் முடிந்தது, குழந்தை பிறக்கட்டும் என்று நினைத்தேன். குழந்தையும் பிறந்தது. அதன் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. அந்தப் பயம் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று நடந்ததை நீயும் கேட்டிருக்கிறாய். நம் வீட்டு விசேஷங்களில் சேகர் மாமா அதை வேடிக்கைக் கதையாகச் சொல்வார். கண் தெரியாத தாத்தா, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்த கதை. அவர்களில் ஒருவர், "என்னங்க இன்னிக்கு முக்கியமா?" என்று கேட்க, காலையில் வானொலியில் கேட்டதைத் தாத்தா அப்படியே ஒப்பிக்க, வந்தவர்கள் அசந்துபோய்த் தாம்பூலம் மாற்றிய கதை. எத்தனை முறை சிரித்திருக்கிறோம்! அந்த யோசனை யாருடையது என்று மாமா சொல்லமாட்டார், ஏனெனில் அவருக்குத் தெரியாது. என்னுடையது. வானொலிச் செய்தியைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளச் சொன்னதும், எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று பழக்கியதும், தாளை நேராகக் கையில் கொடுத்ததும் நான். அதில் எனக்கிருந்த கர்வம் பட்டம் வாங்கியபோதுகூட இருந்ததில்லை. அன்று உன் தாத்தாவின் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

கமலா அத்தைக்கு இப்போது வலக்கண் முற்றாகத் தெரியாது. இடக்கண்ணும் குறுகிக்கொண்டு வருகிறது. அவளுக்கு உண்மையாகவே சர்க்கரை இருப்பதால், அவளும் அவளுக்கு வைத்தியம் பார்த்தவர்களும் வெகுகாலம் சர்க்கரையையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்தம் உண்டா என்று மருத்துவமனையில் கேட்டபோது, அப்பாவுக்குச் சர்க்கரை என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததை அவள் திருப்பிச் சொன்னாள். திங்கட்கிழமை ரவாங்கில் அவள் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"டாக்டரு அன்னிக்கு நீளமா பேசுனாரு. நீ சுருக்கமா சொன்ன. இங்கிலீசு அப்படித்தான் இருக்கும் போலன்னு நெனச்சிக்கிட்டேன்டா தம்பி."

அவள் மேசையைத் தடவித் தன் தண்ணீர்க் குவளையைக் கண்டுபிடித்துக் குடித்தாள். பிறகு, "எம் புள்ளைங்களுக்கு நீயே சொல்லு. இந்தத் தடவ சுருக்காம சொல்லு" என்றாள். ஆகவே சுருக்காமல் எழுதுகிறேன். ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இனிப் படிவத்துக்கு வருகிறேன். ஞாயிறன்று வீடு திரும்பும்போது, "பல்லுக்கும் கண்ணுக்கும் சேத்து எடுத்துட்டேன்பா, இனி கவல இல்ல" என்று சொன்னாய். அதன் நிபந்தனைகளை அன்று மாலையே ஒருவரி விடாமல் படித்தேன். நீ கண்ணுக்கு எதையும் எடுக்கவில்லை, முகிலா. கண்ணாடிக்கு எடுத்திருக்கிறாய். அட்டையோடு கூடுதலாகச் சேர்க்கும் அந்த இணைப்புத் திட்டம் ஆண்டுக்கொருமுறை கண்ணாடிச் சட்டத்துக்கும் வில்லைக்கும் பணம் தரும். பார்வை அளவு பார்ப்பதற்குத் தரும். கண்ணுக்குள் நோய் வந்தால் அது மருத்துவ அட்டையின் கணக்கில் போகும். அந்த அட்டையோ ஏழாம் கேள்விக்கு நீ சொன்ன பதிலின்மேல் நிற்கிறது. பதில் பொய் என்று பின்னால் தெரியவந்தால், கண்ணை மட்டுமல்ல, அட்டையையே ரத்துசெய்ய அவர்களுக்கு வழியுண்டு. நீ ஒருநாள் வரப்பில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டு கிடக்கும்போது யாரோ ஒருவர் பழைய தாள்களைப் புரட்டி, உன் தந்தையின் மருத்துவப் பதிவேட்டை எடுத்துவைப்பார் என்பதை நான் கற்பனை செய்யாத நாளில்லை.

கண்ணாடிச் சலுகை எவ்வளவு எளிதாக ஏமாற்றும் என்பதையும் என் கதையிலிருந்தே தெரிந்துகொள். எங்கள் ஆலையிலும் அது உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், சேகர் மாமா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு முன்பு, அந்தப் பணத்தில் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். பார்வைக்கண்ணாடி என்று ரசீது எழுதித்தரக் கடைக்காரப் பெண் ஒப்புக்கொண்டாள். "அங்கிள், வந்தது வந்துட்டீங்க, கண் பிரஷர் பாத்துருவோமா? காத்துதான் அடிக்கும், ரெண்டு நிமிசம்" என்று அவளே கேட்டாள். செலவும் இல்லை. கிள்ளான் மருத்துவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. நினைவிருந்ததால்தான் வேண்டாம் என்றேன். தெரியாமல் இருந்தால் இல்லை என்று ஆகிவிடும் என்று, படித்த நான், ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு துளியையும் அளந்து பார்ப்பவன், நம்பினேன். அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என் இடக்கண் இன்று வேறு நிலையில் இருந்திருக்கும். நீயும் தொழிற்சாலைச் சலுகையில் தர்ஷினிக்கு அப்படியொரு கண்ணாடி வாங்கித்தந்தாய் என்பது எனக்குத் தெரியும். அன்று உன் கண்ணை யாராவது பார்த்தார்களா?

உன் அத்தையைப் பார்த்துவிட்டு வந்ததும் சேகர் மாமாவை அழைத்து, ஏழாம் கேள்வியை மாற்ற வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தடுத்தார்.

"அத்தான், எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குத் தெரியாம இருக்குறதுதான் நல்லது. மொதல்ல கார்டு ஓடட்டும், கல்யாணம் முடியட்டும். கிளெய்ம் பண்ண முடியாத காத்திருப்புக் காலம் தாண்டுனதும் பையன் போய் ஆறஅமர கண்ண செக் பண்ணிக்கட்டும். இப்ப போய்ப் பாத்து ஏதாச்சும் இருந்துச்சுன்னா, கம்பெனிக்காரன் கண்ண ஒதுக்கிருவான்லா. அப்புறம் பொண்ணு வீட்டுக்கு வேற நீங்கதான் பதில் சொல்லணும்."

அவர் கெட்டவர் அல்லர். உனக்கு டெங்கி வந்தபோது மூன்று நாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் படுத்துக்கிடந்தவர். அவர் சொன்னதில் தந்திரமும் இருந்தது, பாசமும் இருந்தது. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அவர் பேசியது என் பேச்சு. இருபது வயதில் கிள்ளானில் நான் எடுத்த முடிவை அவர் எனக்கே திருப்பி விற்றுக்கொண்டிருந்தார். நன்றி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வேறு எது சொல்லியிருந்தாலும் உன் அம்மாவுக்கு ஒரு தம்பி இல்லாமல் போயிருப்பார்.

ஆகவே நீ செய்ய வேண்டியது அவர் சொன்னதற்கு நேர் எதிரானது. முதலில் சோதனை, பிறகு காப்புறுதி. அழுத்தம் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட விடாதே. நரம்பையும் ஓரப் பார்வையையும் பார்க்கச் சொல். நன்றாக இருக்கிறது என்றால் அந்தத் தாளையே படிவத்தோடு சேர்த்து அனுப்பு. நன்றாக இல்லையென்றால், அவர்கள் சந்தாவைக் கூட்டலாம், அல்லது கண்ணை விலக்கிவிட்டு மற்றவற்றுக்குக் காப்புத் தரலாம். கண் விலக்கப்பட்ட அட்டையை வாங்க வெட்கப்படாதே. கல்லீரலுக்கும் எலும்புக்கும் அது அப்போதும் உதவும். கண்ணுக்கு அரசாங்க மருத்துவமனையில் பெயரைப் பதிந்துகொண்டு ஆண்டுதோறும் வரிசையில் நில். வரிசை நீளமாக இருக்கும். அன்றைய தெளிப்பு வேலை போகும். போகட்டும். கண்ணாடித் திட்டங்களை ஒப்பிடும்போது, எது விலையுயர்ந்த சட்டத்துக்கு அதிகம் தருகிறது என்று பார்க்காதே. எது கண் மருத்துவரின் சோதனைக்குத் தருகிறது என்று கேள். எதுவும் தராவிட்டால் அந்த இணைப்பை விட்டுவிடு. உன் நண்பனும் நீயும் பதிவுசெய்த நிறுவனமாக இருப்பதால், சிறு நிறுவனங்களுக்கான குழுத் திட்டம் கிடைக்குமா என்றும் விசாரி. அதிலும் கேள்விகள் இருக்கலாம், அவற்றுக்கும் உண்மையே.

பல் விஷயத்தில் எனக்குப் பயம் குறைவு, எரிச்சல் அதிகம். ஐந்து ஆண்டுகள் தொழிற்சாலை உன் பல்லுக்குப் பணம் தரத் தயாராக இருந்தது. நீ ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை. இப்போது கடைவாயில் குத்துகிறது என்று ஒரு பக்கமாகவே மென்றுகொண்டு, பல்லுக்கும் எடுத்துவிட்டேன் என்கிறாய். அந்தத் திட்டம் முதல் சில மாதங்களுக்கு எதுவும் தராது. ஏற்கனவே கெட்டுப்போயிருந்த பல்லுக்கு எப்போதும் தராது. அதன் பட்டியலில் உள்ள பல் மருத்துவர்களில் ஒருவர்கூடக் கோல சிலாங்கூரில் இல்லை. முதலில் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போய் அதைப் பிடுங்குவதா அடைப்பதா என்று முடிவுசெய். வாய் சுத்தமான பிறகு, ஆண்டுக்கு இரண்டு தடவை சுத்தம் செய்வதற்கு நீயே செலவழித்தால் ஆவதையும் சந்தாவையும் பக்கத்தில் வைத்துப் பார். பெரும்பாலும் உனக்கு அந்த இணைப்பு தேவைப்படாது. பல் போனால் கட்டிக்கொள்ளலாம்.

தர்ஷினியிடம் நீயே சொல். இந்தக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாலும் சரி. குடும்பக் குழுவில் போவதற்கு முன் அவள் அறிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒருநாள் விட்டிருக்கிறேன். அவளுடைய அப்பாவிடம் நான் நேரில் போய்ப் பேசுவேன். விசாரித்துவிட்டோம் என்று அவர் சொன்னபோது என் வாயில் நண்டு இருந்தது என்பதைத் தவிர என்னிடம் சமாதானம் இல்லை. அவர் திருமணம் வேண்டாம் என்று சொல்லக்கூடும். நீ என்னை வெறுக்கவும் கூடும். இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். மின்கம்பி தெரியாமல் வானத்தைப் பார்த்து நிற்கும் உன் முகம் இரண்டையும்விடக் கனமாக இருந்தது.

இன்னொன்றும் உன்னிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நேற்றுவரை நீ அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லியிருந்தால் அது உன் குற்றம் ஆகியிருக்காது, உனக்குத் தெரியாது. உன் அறியாமை உனக்கு ஒரு காப்பாகவே இருந்தது. இந்தக் கடிதத்தால் நான் அதை உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். தெரிந்தே எடுத்திருக்கிறேன். உன் தாத்தாவுக்கு இருந்தது, உன் அத்தைக்கு இருக்கிறது, உன் அப்பாவுக்கு இருக்கிறது. இந்த வரியைப் படித்துவிட்ட பிறகு, ஏழாம் கேள்விக்கு 'இல்லை' என்று உன்னால் எழுத முடியாது.

உன் அப்பா